பெங்களூரில் காதில் விழுந்ததை நீங்களே சரிபார்ப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருக்கு வந்த முதல் மாதத்தில் அறிவுரைக்குப் பஞ்சமே இருக்காது. ஊர் வண்டியை ஓட்டினால் பிடித்துவிடுவார்கள் என்பார் பி.ஜி. அறைத்தோழர். பத்து மாத அட்வான்ஸ் கொடுப்பதுதான் சட்டம் என்பார் புரோக்கர். பி கதா இடமாகப் பார்த்து வாங்கிப் போடு, அடுத்த வருஷம் ஏ கதா ஆகிவிடும் என்பார் ஒன்றுவிட்ட சித்தப்பா. (கதா என்பது மாநகராட்சியின் சொத்து வரிப் பதிவு; விதிப்படி அமைந்த இடத்துக்கு ஏ, அப்படி இல்லாததற்கு பி.) எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அவர்களும் யாரோ சொல்லிக் கேட்டவர்கள்தான்.

வாடகை வீடு, வண்டி, அப்புறம் சொந்தமாக ஓர் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்து முடித்ததில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஒரு வேலையைத் தானே செய்தவருக்கு தேதி, கட்டணம், எந்தக் கவுண்டர், எந்தக் காகிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள் என்பதெல்லாம் நினைவிருக்கும். கேட்டு வைத்திருப்பவரிடம் முடிவு மட்டும்தான் இருக்கும்: "இங்க எல்லாம் இப்படித்தான்." அதைக் கேட்டதும் நாமும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம். அப்படி நிறுத்தாமல் இருக்க என்ன செய்யலாம், எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. கேட்டதை எழுதுங்கள், பிறகு பிரியுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். போனில் எழுதினாலும் சரி. காதில் விழுந்ததை அப்படியே எழுதாமல், சரியா தவறா என்று பார்க்கக்கூடிய வாக்கியமாக மாற்றி எழுதுங்கள். "ஊர் வண்டி இங்க பிரச்சினை" என்பதைச் சரிபார்க்க வழியில்லை. "தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியைக் கர்நாடகத்தில் இத்தனை நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது" என்பதைச் சரிபார்க்கலாம். எத்தனை நாள் என்ற கேள்வி எழுதும்போதே வந்துவிடுகிறது பாருங்கள். கேள்விப்பட்டதில் பாதி இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும். எண்ணோ இடமோ தேதியோ கேட்டால் அதற்குள் ஒன்றும் இருக்காது.

பக்கத்தில் மூன்று குறிப்புகள்: யார் சொன்னது, அவரே செய்து பார்த்தாரா, இது தவறாக இருந்தால் எனக்கு என்ன நஷ்டம். கடைசிக் கேள்விதான் நேரத்தை மிச்சப்படுத்தும். எல்லாவற்றையும் சரிபார்க்க யாருக்கும் ஆயுசு போதாது. எந்த பஸ் மெஜஸ்டிக் போகும், எந்த மெஸ்ஸில் சாம்பாரில் வெல்லம் போட மாட்டார்கள் என்பதையெல்லாம் கேட்டு நம்பலாம். தவறினால் அரை மணி நேரம் போகும், அவ்வளவுதான். பணம் கொடுப்பது, கையெழுத்துப் போடுவது, அசல் சான்றிதழைக் கைமாற்றுவது, மருந்து சாப்பிடுவது, இந்த நான்கில் ஒன்று வந்தால் மட்டும் கேட்டதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

2. சொன்னவரிடமே கேளுங்கள்: நீங்களே செய்தீர்களா, எப்போது, காகிதம் இருக்கிறதா?

பெரியவர்களிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். கேட்கும் விதத்தில் இருக்கிறது. "மாமா, நீங்க கட்டின ரசீதை ஒரு தடவை காட்டுங்களேன், அதே மாதிரி நானும் கேட்டு வாங்குறேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செய்தவராக இருந்தால் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுப்பார். இல்லையென்றால், "நான் கட்டல, ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார்" என்று அவரே சொல்லிவிடுவார். இரண்டுமே உங்களுக்கு லாபம்.

"எப்போது" என்பதை ஒருபோதும் விடாதீர்கள். இந்த ஊரில் விதிகள் வேகமாக மாறியிருக்கின்றன. பத்திரப்பதிவுக்கான காவேரி 2.0 மென்பொருள் 2023-இல் வந்தது. 2024 அக்டோபரிலிருந்து மாநகராட்சி எல்லைக்குள் பத்திரம் பதிய இ-கதா (கணினிவழிக் கதா) கட்டாயம். 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் ஆனது. 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற பழைய பெங்களூரு மாநகராட்சியே போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. 2019-இல் வீடு வாங்கியவர் சொல்வது நேர்மையான அனுபவம்தான், ஆனால் அதை வைத்து 60 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் பதிவுக் கட்டணத்தில் மட்டும் 60,000 ரூபாய் குறையும்.

இங்கே அடிக்கடி மாட்டும் பொறி ஒன்று. ஐந்து பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது உறுதி என்று தோன்றும். ஐந்து பேரிடமும் "உங்களுக்கு யார் சொன்னது" என்று கேட்டுக்கொண்டே போங்கள். பல நேரம் எல்லாமே ஒரே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போய் முடியும். எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணாதீர்கள், எத்தனை பேர் தனித்தனியே செய்து பார்த்தார்கள் என்று எண்ணுங்கள்.

3. கன்னடம் தெரியாது என்பதற்காக முடிவை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்

நம்மில் பலர் ஏமாறும் இடம் இதுதான். அல்சூரிலோ விவேக் நகரிலோ தமிழ் பேசியே வருடக்கணக்கில் வாழ்ந்துவிடலாம். அலுவலகக் காகிதம் மட்டும் கன்னடத்தில் வரும். உடனே அதைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்து "இது சரியா பாருங்க" என்கிறோம். அப்படிக் கேட்காதீர்கள். "இதில் என்ன எழுதியிருக்கிறது, வரிவரியாகப் படியுங்கள்" என்று கேளுங்கள். அவர் வாசிக்கட்டும், முடிவை நீங்கள் எடுங்கள். இரண்டு வேலையையும் ஒருவரிடமே ஒப்படைத்தால், காகிதத்தில் இருப்பது எது, அவர் நினைப்பது எது என்று பிரிக்கவே முடியாது.

கன்னட எண்களை மட்டுமாவது கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாலை போதும். சர்வே எண், தேதி, பரப்பளவு, தொகை எல்லாம் சில காகிதங்களில் கன்னட எண்ணில்தான் இருக்கும். போனில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலி மேலோட்டமாகப் புரிந்துகொள்ள உதவும். கிரயப் பத்திரத்துக்கு அதை நம்ப வேண்டாம். கவுண்டரில் "இதரல்லி ஏனு பர்திதே?" என்று கேட்டால் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்வார்கள். "பரெது கொடி சார்" என்றால் எழுதிக் கொடுங்கள் என்று அர்த்தம். இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு வாய்மொழியாகச் சொன்ன விதிகள் பல சத்தமில்லாமல் மறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

4. வண்டி: ஒரே விஷயம், இரண்டு வதந்தி

ஒரு மாதத்தில் பறிமுதல் செய்வார்கள் என்று ஒரு கூட்டம், ஆயுசுக்கும் ஓட்டலாம் என்று ஒரு கூட்டம். மூலத்தைப் பாருங்கள். மத்தியச் சட்டங்கள் எல்லாம் இந்தியா கோட் என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அந்த மாநிலத்தின் புதிய பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது. 49-ஆம் பிரிவு, வசிப்பிட முகவரி மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. இரண்டையும் கலந்துதான் "ஒரு மாசத்துல புடிச்சிடுவாங்க" என்ற பேச்சு உலவுகிறது என்று நினைக்கிறேன்.

நிலையாகத் தங்கப்போகிறீர்கள் என்றால் ஊர் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே படிவம் 27-இல் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி., இன்சூரன்ஸ், மாசுச் சான்று, இங்கே வசிப்பதற்கான முகவரிச் சான்று கையில் இருக்கட்டும். வண்டிக்கு வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். நேரம் பிடிப்பது அதுதான், முதலில் அதைத் தொடங்குங்கள். இங்கே வாழ்நாள் வரி வண்டியின் விலையையும் வயதையும் பொறுத்து வரும். அதைக் கட்டிய ரசீதை வைத்து ஊரில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை. வண்டி இந்த ஊருக்கு எப்போது வந்தது என்று காட்ட ரயில் பார்சல் ரசீது, காராக இருந்தால் கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி டோல் பதிவு எதையாவது பத்திரமாக வையுங்கள். 12 மாதக் கணக்குக்கு அதுதான் சாட்சி.

5. வாடகை வீடு: வழக்கம் எது, சட்டம் எது

பத்து மாத அட்வான்ஸ் இந்த ஊர் வழக்கம். எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. அதனால் பேரம் பேசலாம், பேசுங்கள். எதிர்ப்பக்கத்தில், "ரெண்டு மாசத்துக்கு மேல வாங்கக் கூடாதுன்னு மத்திய அரசு சட்டம் போட்டிருக்கு" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. 2021-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டத்தில் அந்த இரண்டு மாத வரம்பு இருப்பது உண்மை. ஆனால் அது மாநிலங்களுக்குக் கொடுத்த மாதிரி வரைவு. மாநிலம் தன் சட்டமாக நிறைவேற்றினால்தான் செல்லும். வீட்டுக்காரரிடம் அந்த ஃபார்வர்டைக் காட்டிச் சண்டை போட்டால் வீடுதான் போகும்.

11 மாத ஒப்பந்தத்துக்குக் காரணமும் மர்மமானது இல்லை. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அதைத் தவிர்க்க 11 மாதம் போடுகிறார்கள். இது தெரிந்துவிட்டால், "பதினோரு மாசம்னா எப்ப வேணும்னாலும் காலி பண்ணச் சொல்லலாம்" என்பது தவறு என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியதுதான். எழுதாதது இல்லை.

கையெழுத்துக்கு முன் மூன்று காகிதங்களைப் பாருங்கள்: வீட்டுக்காரர் பெயரில் இந்த வருடச் சொத்து வரி ரசீது, பெஸ்காம் மின் கட்டண ரசீது, அவருடைய அடையாள அட்டை. மூன்றிலும் ஒரே பெயர் வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். நியாயமான பதில் இருக்கலாம், அப்பா பெயரில் மீட்டர் இருப்பது சகஜம். கேட்காமல் விடுவதுதான் தவறு.

இங்கே "லீஸ்" என்று ஒன்று உண்டு. நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்போமே, அதேதான்: மொத்தமாகப் பல லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. இதில்தான் பெரிய தொகைகள் முங்கிப்போகின்றன. இடைத்தரகர் வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸ் பணம் வாங்கிக்கொள்வார். சில மாதம் வீட்டுக்காரருக்கு வாடகை போகும். அப்புறம் நின்றுவிடும். வீட்டுக்காரர் கதவைத் தட்டும்போதுதான் உங்களுக்கே விஷயம் தெரியும். வீட்டுக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல், பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போகாமல் லீஸுக்குப் போகாதீர்கள். அந்த வீட்டின் மேல் கடன் இருக்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தைப் பதிவும் செய்துவிடுங்கள். "இந்த பில்டிங்ல எல்லாரும் இப்படித்தான் குடுத்திருக்காங்க" என்பது உங்களுக்குச் சாட்சி இல்லை. அவர்களும் உங்களைப் போலவே நம்பிக் கொடுத்தவர்கள்.

தெற்கு வாசல் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலர் வேண்டாம் என்பதால் அப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகையில் கொஞ்சம் குறைத்துக் கேட்க முடியும். உங்களுக்கு அந்த நம்பிக்கை உண்மையாகவே இருந்தால் சரி, அது உங்கள் விருப்பம். வெறும் கேள்விப்பட்டதுதான் என்றால், மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவையும் இரவு எட்டு மணிக்கு ஒரு தடவையும் போய் நின்று பாருங்கள். வெளிச்சம், காற்று, தண்ணீர் வரும் நேரம், போர்வெல் ஆழம், லாரித் தண்ணீர் மாதத்துக்கு எத்தனை என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். இந்த ஊரில் குடும்பத்தை வாட்டுவது தண்ணீர்தான், வாசல் இல்லை.

6. இடமோ ஃபிளாட்டோ வாங்கும்போது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வாழ்நாள் சேமிப்பு போகிற இடம்.

நம் ஊர்ப் பழக்கத்தில் பட்டா தேடாதீர்கள். விவசாய நிலத்துக்கு இங்கே பஹணி என்ற நிலப் பதிவு, அதை அரசின் பூமி தளத்தில் பார்க்கலாம். மாநகராட்சி எல்லைக்குள் கதா. ஆனால் கதா என்பது சொத்து வரிக் கணக்குதான், உரிமைப் பத்திரம் இல்லை. "கதா கிளியரா இருக்கு சார்" என்று புரோக்கர் சொன்னால், வரி யார் பெயரில் போகிறது என்பது மட்டும்தான் அதற்குப் பொருள்.

வாங்கிப் பார்க்க வேண்டியவை: தாய்ப்பத்திரத்திலிருந்து இப்போதைய கிரயப் பத்திரம் வரை இடையில் எதுவும் விடுபடாத நகல்கள், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று, இ-கதா, வரி ரசீது, விவசாய நிலமாக இருந்திருந்தால் மாவட்ட ஆட்சியரின் நில மாற்ற உத்தரவு, லேஅவுட் அல்லது கட்டட வரைபட ஒப்புதல், ரேரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண். நகலைப் பார்ப்பது முதல் படிதான். பணம் கொடுப்பதற்கு முன் அசலையும் பார்த்தாக வேண்டும். அசல் வங்கியில் இருக்கிறது என்றால் அந்த வங்கியிடமிருந்தே கடிதம் வாங்குங்கள்.

வில்லங்கச் சான்றைக் காவேரி ஆன்லைனில் நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம். தேடும் வருடங்களுக்கு ஏற்பச் சிறு கட்டணம்தான், மற்ற செலவுகளோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதனால் விற்பவர் கொடுக்கும் நகலோடு நிறுத்தாதீர்கள். ஆன்லைனில் சில நாளில் வந்துவிடும். கணினிக்கு மாறுவதற்கு முந்தைய பழைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும், அதற்குக் கூடுதல் நாட்கள் ஒதுக்குங்கள். படிவம் 15-இல் வந்தால் பரிவர்த்தனைகள் இருக்கின்றன, படிவம் 16 என்றால் தேடிய காலத்தில் எதுவும் இல்லை. படிவம் 16-ஐப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வில்லங்கச் சான்றில் பதிவானது மட்டும்தான் வரும். பதிவு செய்யாத ஒப்பந்தம், குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைத் தகராறு, நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு எல்லாம் அதில் தெரியாமலே போகலாம். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாற்றிக் கொடுத்துத் தேடினாலும் சுத்தமாகத்தான் வரும். எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிட்டு நீங்களே டைப் செய்யுங்கள்.

"பேங்க் லோன் குடுக்குதுன்னா எல்லாம் சரியாத்தான் இருக்கும்." அதிகம் கேட்கும் வாக்கியம் இது. வங்கி வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணம் பத்திரமா என்று. நீங்கள் சம்பளத்திலிருந்து கட்டியே தீருவீர்கள் என்பதும் வங்கியின் கணக்கில் உண்டு. உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வையுங்கள். விற்பவரோ புரோக்கரோ அறிமுகம் செய்தவராக இருக்கக் கூடாது. கட்டணத்தை முதலிலேயே பேசி, கருத்தை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வாரமாவது கொடுங்கள். அவர் கருத்தையும் படித்துப் பாருங்கள், "மேற்கண்ட ஆவணங்கள் கிடைத்தால்" என்று நடுவில் ஒரு நிபந்தனை இருக்கும். அந்த ஆவணங்கள் கிடைத்தனவா என்பது உங்கள் வேலை.

பி கதா விஷயம். பி கதாவை ஏ கதாவாக மாற்றும் திட்டம் ஒன்றை அரசு 2025 நவம்பரில் தொடங்கியது உண்மை. அதற்கு நிபந்தனைகள் உண்டு, இடத்தின் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கட்டணமும் உண்டு. தானாக மாறிவிடாது. ஆகவே "மாறிடும்" என்பவரிடம் ஒன்றே கேளுங்கள்: இந்த இடத்துக்கு விண்ணப்பித்தாயிற்றா, ஒப்புகை எங்கே? மாறிய பிறகு விலை பேசுவோம் என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பது அப்போது தெரியும்.

ரேராவில் இரண்டு விஷயம் மனப்பாடமாக இருக்கட்டும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் என்றால் திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமோ முன்பதிவோ செய்யக் கூடாது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. "ரேரா அப்ளை பண்ணியாச்சு" என்றால் இன்னும் வரவில்லை என்று பொருள். எண்ணைக் கேட்டு, கர்நாடக ரேரா தளத்தில் நீங்களே தேடுங்கள். ஒப்புதல்கள், முடிக்க வேண்டிய தேதி, புகார்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். செலவே இல்லை.

கடைசியாக, இடத்துக்குப் போங்கள். திஷாங்க் என்ற அரசுச் செயலியில் நிற்கும் இடத்தின் சர்வே எண், பக்கத்தில் ஏரியோ ராஜகால்வாயோ (பெரிய மழைநீர்க் கால்வாய்) இருக்கிறதா என்பது தெரியும். பெருமழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், எமலூர்ப் பக்கம் கோடி ரூபாய் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த மழையில் இங்கே எதுவரை தண்ணீர் நின்றது என்று எதிரே உள்ள டீக்கடையில் கேளுங்கள். விற்பதற்கு எதுவும் இல்லாதவர் சொல்லும் பதில் அது.

7. சீட்டும் முதலீடும்: உண்மை சொல்பவரும் உங்களைக் கெடுக்கலாம்

நம்ம ஊர்க்காரர், நம்ம கோயில் கமிட்டிக்காரர், அதனால் நம்பலாம் என்று சேரும் சீட்டுகள் இங்கே ஏராளம். பலர் நேர்மையாக நடத்துகிறார்கள். ஆனால் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி வாங்கி, சீட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்துதான் நடத்த வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்த நகலைக் கேளுங்கள். "நமக்குள்ள எதுக்கு காகிதம்" என்றால், காகிதம் நமக்குள் இருப்பதற்காகத்தான் கேட்கிறேன் என்று அன்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

மாதாமாதம் லாபம் தரும் திட்டங்களில் ஆபத்து இன்னும் நுட்பமானது. ஐ.எம்.ஏ. என்ற முதலீட்டு நிறுவனம் 2019 ஜூனில் சரிந்தபோது, சிவாஜி நகர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களில் பலர் உறவினரின் சொல்லைக் கேட்டுச் சேர்ந்தவர்கள். அந்த உறவினர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே மாதம் தவறாமல் பணம் வந்துகொண்டிருந்தது. பின்னால் சேர்பவரின் பணத்திலிருந்து முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் முதலில் வந்தவர்கள் நேர்மையான சாட்சிகளாகவே இருப்பார்கள். "எனக்கு வந்தது" என்பது அவருக்கு வந்ததற்கு மட்டுமே சாட்சி. பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் வேண்டும். ரிசர்வ் வங்கி நடத்தும் சசேத் தளத்தில் அந்த நிறுவனம் பொதுமக்களிடம் பணம் வாங்க அனுமதி பெற்றதா என்று பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

8. வேலையும் போன் மிரட்டலும்

வேலைக்குப் பணம் கேட்டால், அது டெபாசிட் என்றாலும் டிரெய்னிங் என்றாலும் பின்வாசல் என்றாலும், நிறுத்திவிடுங்கள். ஆஃபர் லெட்டர் வந்தால் அதில் உள்ள எண்ணுக்குப் பேசாமல், நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணில் கேளுங்கள். அசல் மார்க் ஷீட்டை எந்தக் கன்சல்டன்சியிடமும் விடாதீர்கள்.

போலீஸ், சிபிஐ என்று வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டினால், அப்படி ஒரு நடைமுறை நம் சட்டத்திலேயே இல்லை. போனை வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

9. யாருமே சொல்லாவிட்டால் ஆர்.டி.ஐ.

ஒரு அலுவலகத்தில் ஆளுக்கொரு விதி சொன்னால் தகவல் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். கட்டணம் 10 ரூபாய், பதில் வர 30 நாள். கர்நாடக அரசு அலுவலகங்களுக்கு ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். தமிழில் எழுத முடியாது, கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். "ஏன் தரவில்லை", "இது நியாயமா" என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. "இந்தச் சேவைக்குத் தற்போது அமலில் உள்ள சுற்றறிக்கையின் நகல் வேண்டும்" என்று காகிதத்தைக் கேளுங்கள். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அவசர வேலைக்கு இது உதவாது. அதனால் வீடு பார்க்கத் தொடங்கும்போதே சந்தேகங்களுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.

10. கேட்பதற்கு முன் உங்கள் கருத்தை ஒரு பக்கம் எழுதுங்கள்

பெரிய முடிவு எதுவானாலும், யாரிடமும் கேட்பதற்கு முன் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், ஏன் என்று தேதி போட்டு எழுதுங்கள். அப்புறம் பத்துப் பேரிடம் கேளுங்கள். முதலிலேயே கேட்டுவிட்டால், கடைசியாகப் பேசியவரின் கருத்து நம் கருத்து போலவே மனதில் உட்கார்ந்துவிடும். எது எங்கிருந்து வந்தது என்று பிறகு நமக்கே தெரியாது. எழுதி வைத்திருந்தால், எந்தச் சாட்சியைப் பார்த்து மனம் மாறியது என்று காட்ட முடியும். மாறுவதில் தவறே இல்லை.

எல்லாவற்றையும் மறுப்பதும் சொந்த யோசனை ஆகிவிடாது. "எல்லாம் ஃபிராடு, எதையும் நம்பாதே" என்று யூடியூபில் ஒருவர் சொல்வதைத் திருப்பிச் சொல்வதும் கடன் வாங்கிய கருத்துதான். அவரிடமும் அதே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

பழகுவதற்கு இந்த ஊரிலேயே இடங்கள் உண்டு. எச். நரசிம்மையா 1962-இல் தொடங்கிய பெங்களூர் அறிவியல் மன்றம் பசவனகுடி நேஷனல் கல்லூரியில் பொதுமக்களுக்கு அறிவியல் உரைகள் நடத்திவருகிறது. பேசி முடித்தவரிடம் அந்நியர்கள் எழுந்து "இது உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்பதையும், அவர் கோபப்படாமல் பதில் சொல்வதையும் பிள்ளைகள் ஒருமுறை பார்ப்பது நல்லது.

11. அடுத்தவருக்குச் சொல்லும்போது

ஆறு மாதத்தில் உங்களிடமே ஊரிலிருந்து புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். பதிலில் மூன்று விஷயம் சேர்த்து அனுப்புங்கள்: நானே செய்தேனா கேட்டேனா, எந்த மாதம், எந்த அலுவலகம். "என்.ஓ.சி. இந்த பிப்ரவரியில் தஞ்சாவூர் ஆர்.டி.ஓ.வில் நானே வாங்கினேன், ரசீது படம் இணைத்திருக்கிறேன், இங்கே வரி எவ்வளவு என்பது நண்பர் சொன்னது, நான் பார்க்கவில்லை" என்ற மாதிரி. ரசீதை அனுப்பும் முன் ஆதார் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள்.